சிவப்பு வரி போனால் போதுமா?

ஆற்றுக்கால் பொங்காலை முடிந்த அடுத்த ஞாயிறு. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், மகளை அழைத்துக்கொண்டு கரமனையில் என் வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் கையில் மடிக்கணிப்பொறி, முகம் அழுது ஓய்ந்திருந்தது. "சார், இவளுக்கு இது வராதுன்னு தோணுது. அடுத்த வருஷம் பத்தாவது. முடிஞ்சதும் காமர்ஸ்ல சேர்த்துரலாம்னு இருக்கேன். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

பிறந்த ஊரை விட்டு இங்கே வந்து கடை வைத்து, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் மனிதர். அவர் கோபத்தில் பேசவில்லை, கவலையில் பேசினார். காமர்ஸ் படிப்பதிலும் குறைவொன்றும் இல்லை. ஆனால் "வராது" என்ற தீர்ப்பு எதை வைத்து வந்தது என்று விசாரித்தபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண் யூனிட்டி என்னும் மென்பொருளில் தானாக ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். திரையின் கீழே சிவப்பு எழுத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. நான்கு நாள் போராடிவிட்டு முழுவதையும் அழித்துவிட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

அந்தச் சிவப்பு வரியின் பெயர் 'நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன்'. விளையாட்டு எழுதத் தொடங்கும் எந்தப் பிள்ளையும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் வரி இது. முப்பது வருடம் இதே தொழிலில் இருந்த நானும் அதன் மாமன் மச்சான்களைத் தினமும் சந்தித்தேன். இதை வைத்து ஒரு பிள்ளைக்குக் கணிப்பொறி வராது என்று முடிவு கட்டுவது, முதல் தோசை பிய்ந்ததற்காக அடுப்பையே அணைப்பதற்குச் சமம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கேரளத்தில் கிடைக்கும் கணிப்பொறிப் படிப்பு லேசானதல்ல. 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கி, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு இதைக் கவனிக்கிறது. 2018-ல் அவர்கள் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றத்தில், எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அண்ணாச்சியின் மகளும் அதில் உறுப்பினர். அங்கே ஸ்கிராட்ச் மூலம் கட்டைகளை அடுக்குவதுபோல் நிரல் எழுதக் கற்றிருந்தாள். ஸ்கிராட்ச் ரொம்ப நல்ல பிள்ளை. நீங்கள் ஒரு மதிப்பைக் கொடுக்க மறந்தால் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு ஓடும், சத்தம் போடாது. யூனிட்டியில் எழுதுவதோ சி ஷார்ப் மொழி. அது மறதியை மன்னிக்காது, நின்று கூப்பாடு போடும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தனியாகத் தாவிய பிள்ளை தடுக்கி விழுந்ததில் என்ன அதிசயம்?

சரி, அந்த வரி என்னதான் சொல்கிறது? நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் டி.சி. எண் உண்டல்லவா? பொருள்சார் நிரலாக்கம் என்பதில் 'கிளாஸ்' என்பது வீட்டின் வரைபடம். வரைபடத்தில் யாரும் குடியிருக்க முடியாது. அதை வைத்துக் கட்டிய வீடுதான் 'ஆப்ஜெக்ட்'. நிரலில் நாம் எழுதும் பெயர் வீடு அல்ல, வீட்டின் டி.சி. எண்ணைக் குறித்து வைத்திருக்கும் சீட்டு. அதற்குத்தான் 'ரெஃபரன்ஸ்' என்று பெயர். சீட்டில் ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டிருந்தால் அது 'நல்'. காலிச் சீட்டைத் தபால்காரரிடம் நீட்டி "இந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? அலுவலகத்துக்குத் திரும்பிவந்து சத்தம் போடுவார். சிவப்பு வரி அந்தச் சத்தம். திட்டு அல்ல, தகவல்.

அந்தப் பெண் எழுதிய விளையாட்டு நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். காகம் பறந்து பறந்து வடையைக் கொத்தவேண்டும், நரி கீழே அலைந்து வடையைத் தட்டிப் பறிக்கப் பார்க்கும். அழித்த கோப்பை மீட்டுத் திறந்தேன். ஒரே பார்வையில் தவறு தெரிந்தது. காகத்தின் இயக்கத்துக்கான 'ரிஜிட்பாடி'க்கு மேலே ஒரு பெயர் அறிவித்திருந்தாள். பிறகு 'ஸ்டார்ட்' பகுதிக்குள் அதே பெயரை, முன்னால் வகையையும் சேர்த்து மறுபடி எழுதிவிட்டாள். அப்படி எழுதினால் கணிப்பொறி அதைப் புதிய பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் இரண்டு சுப்பிரமணியன் இருந்தால் கல்யாணப் பத்திரிகை அடுத்த வீட்டுச் சுப்பிரமணியனுக்குப் போகுமே, அந்தக் கதை. உள்ளே இருந்தவனுக்கு எல்லாம் கிடைத்தது. மேலே இருந்தவன் காலியாகவே நின்றான். நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்து ஒரு சொல்லை அழித்தேன். காகம் பறந்தது. அண்ணாச்சி மகிழ்ந்தார், நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அதுதான் நான் செய்த பிழை. மறு ஞாயிறு அதே பெண், அதே வரியோடு வந்து நின்றாள். நான் என்ன செய்தேன் என்பதை அவள் பார்க்கவே இல்லை, என் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

இந்த முறை தவறு வேறு இடம். விளையாட்டுக்கு இரண்டாம் கட்டம் ஒன்று சேர்த்திருந்தாள். காகத்தை அங்கே நகலெடுத்து வைத்தபோது, மதிப்பெண் பலகையைக் காட்டவேண்டிய பெட்டி காலியாகிவிட்டது. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே அவள் அதற்கு ஒரு வைத்தியம் பார்த்திருந்தாள். கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இப்போது எல்லார் கைபேசியிலும் இருக்கிறதே, அதில் சிவப்பு வரியை ஒட்டிக் கேட்டிருக்கிறாள். 'பலகை காலியாக இல்லாவிட்டால் மட்டும் மதிப்பெண் சேர்' என்று ஒரு நிபந்தனையைப் போடச் சொல்லியது. போட்டாள். சிவப்பு மறைந்தது. "மாமா, எர்ரர் போச்சு. ஆனா காக்கா எத்தனை வடை தின்னாலும் மார்க்கு ஏற மாட்டேங்குது" என்றாள்.

வாசக அன்பர்களே, என் கருத்து முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த நிபந்தனை இலக்கணப்படி சரி, விளையாட்டுப்படி தவறு. தபால்காரரிடம் "சீட்டு காலியாக இருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்" என்று சொல்லி வைத்ததற்கு ஒப்பு அது. அவர் பேசாமல் இருக்கிறார். கடிதம் போகவில்லை. இனி அது போகவில்லை என்று சொல்லவும் ஆளில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், டெக்னோபார்க் இன்னும் இளசாக இருந்த காலத்தில், இந்த ஊரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். மொத்த வியாபாரி ஒருவருக்கான கணக்கு நிரல். இரவில் அது அடிக்கடி படுத்துவிடும். வாடிக்கையாளர் விவரம் இருக்கவேண்டிய இடத்தில் காலி. மறுநாள் காலை ஒப்படைக்கவேண்டும் என்ற அவசரத்தில் "காலியாக இருந்தால் தாண்டிப் போ" என்று ஒரு வரி சேர்த்தேன். நிரல் அதன்பிறகு ஒரு நாளும் படுக்கவில்லை, எல்லாரும் பாராட்டினார்கள். மூன்று வாரம் கழித்து வியாபாரி பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் ஒருவர் பேரிலும் ஒரு விற்பனைகூட ஏறவில்லை. அவர்களைப் பதியும் பகுதியில்தான் உண்மையான கோளாறு. நான் தாண்டிப் போகச் சொன்னேன், அது தாண்டிக்கொண்டே போயிருக்கிறது. விட்டுப்போன ரசீதுகளைத் தேடிக் கையால் ஏற்றிமுடிக்க இரண்டு பேருக்கு எட்டு நாள் பிடித்தது. அந்த இருவரில் நான் ஒருவன்.

இந்தக் காலிச் சீட்டைக் கணிப்பொறி உலகத்துக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? டோனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1934-ல் பிறந்தவர், பிறந்த ஊர் கொழும்பு. நமக்கு அக்கரைச் சீமை! எண்களை வரிசைப்படுத்தும் 'குவிக்சார்ட்' முறையைக் கண்டவரும் அவர்தான், 1980-ல் டூரிங் பரிசு பெற்றவர். 1965-ல் அல்கால் டபிள்யூ என்ற மொழிக்கான வேலையில், சீட்டு என்றால் அதில் செல்லுபடியாகும் முகவரிதான் இருக்கவேண்டும் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். ஆனால் காலிச் சீட்டை அனுமதிப்பது செய்வதற்கு அத்தனை சுலபமாக இருந்ததால் ஆசைக்கு இணங்கிவிட்டார். 2009-ல் லண்டனில் நடந்த மாநாடு ஒன்றில், அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்று தாமே சொன்னார். அப்படிப்பட்ட மேதை வழுக்கிய இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வழுக்கினால் நாம் ஏன் பதறவேண்டும்? அவருக்குப் பின் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்விஃப்ட், கோட்லின் போன்ற புதிய மொழிகளில், காலியாக இருக்கக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லாத எதையும் காலியாக விடமுடியாது. சி ஷார்ப் மொழியிலும் 2019 முதல் இதற்கான எச்சரிக்கை வசதி உண்டு. ஆனால் யூனிட்டியில் பிள்ளைகள் திறக்கும் கோப்பில் அது தானாக இயங்குவதில்லை. ஆகவே அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கத்தான் வேண்டும்.

எப்படிப் படிப்பது? நான் அந்தப் பெண்ணிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்தச் சிவப்பு வரியை இருமுறை தட்டினால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று யூனிட்டியே கொண்டுபோய் விடும். அந்த வரியில் புள்ளிகள் இருக்கும். புள்ளி என்றால் "அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டு" என்று அர்த்தம். ஆகவே புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பவர்தான் சந்தேகத்துக்குரியவர். ஒரே வரியில் மூன்று புள்ளி இருந்தால் வரியை மூன்றாக உடைத்து எழுதவேண்டும், அப்போது ஆள் அகப்படுவார். அதன்பிறகு கேட்கவேண்டிய கேள்விதான் முக்கியமானது: இந்தச் சீட்டை யார், எப்போது நிரப்பியிருக்க வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் பலவிதம். பெட்டியில் இழுத்து வைக்க மறந்திருக்கலாம். பெயர் சொல்லித் தேடச் சொன்னபோது பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்து விழுந்திருக்கலாம், அல்லது அந்தப் பொருள் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். 'கெட் கம்போனென்ட்' என்று காகத்திடம் கேட்டது காகத்தின் சிறகில் ஒட்டியிருக்கலாம். சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் நேரம் தவறாகிவிடும். பலகை தன்னைத் தயார் செய்துகொள்வதற்கு முன்பே காகம் போய்க் கேட்டுவிடும். தன் காரியத்தை 'அவேக்' பகுதியில் முடித்துக்கொண்டு, பிறரிடம் கேட்பதை 'ஸ்டார்ட்' பகுதியில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஐந்து நரி வேண்டுமென்று ஐந்து இடமுள்ள வரிசையை உண்டாக்கிவிட்டு, நரி எங்கே என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. பந்தியில் ஐந்து இலை போட்டாயிற்று, சோறு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றுகூட ஆங்கிலத்தில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்தப் பெண் வீட்டில் தமிழ் பேசுகிறாள், பள்ளியில் மலையாளம், திரையில் ஆங்கிலம். சிவப்பு வரியை அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள், அர்த்தம் கேட்டால் விழித்தாள். தமிழில் சொல் என்றேன். பத்து நிமிடம் யோசித்து, "நீ அனுப்பின வீட்டுல ஆளே இல்லைன்னு சொல்லுது மாமா" என்றாள். அந்த நிமிடத்துக்குப் பிறகு அவளுக்கு அந்த வரியிடம் இருந்த பயம் பாதி போய்விட்டது. கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. புரிந்துகொள்வதைத் தாய்மொழியில் செய்யட்டும் என்கிறேன். அதற்குத் துணையிருக்க நிரல் தெரிந்த பெற்றோர்தான் வேண்டும் என்பதில்லை. "எந்த வரி? புள்ளிக்கு இந்தப் பக்கம் யாரு? அவரை யார் கொண்டுவந்து விடணும்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

காலியா என்று பார்க்கும் நிபந்தனையே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், வெறுமை இயல்பாக இருக்கும் இடத்தில். அண்ணாச்சி மகளின் மூன்றாவது சிக்கல் அதுதான். நரி, ஆட்டம் தொடங்கும்போது ஒரு வடையைக் குறித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகும். காகம் அந்த வடையைத் தின்றதும் வடை அழிக்கப்படும். நரியின் சீட்டிலோ பழைய எண்ணே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும் அந்த டி.சி. எண்ணுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது, அதுபோல. இதற்கு யூனிட்டி வேறு வாசகத்தில் சத்தம் போடும்: பொருள் அழிந்துவிட்டது, நீ இன்னும் அதைத் தொடப் பார்க்கிறாய் என்று. இங்கே வடை இல்லாமல் போவது தவறல்ல, விளையாட்டே அதுதான். ஆகவே "வடை இருக்கிறதா?" என்று நரி பார்த்துவிட்டுப் போவது முறை. மதிப்பெண் பலகை இல்லாமல் போவதோ என்றைக்கும் முறையல்ல. அங்கே நிபந்தனையை எடுத்துவிட்டுச் சிவப்பு வரியைக் கத்தவிட வேண்டும், பெட்டியை நிரப்பவேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். எந்த வெறுமை இயல்பு, எந்த வெறுமை கோளாறு என்பதை அந்தச் செயற்கை நுண்ணறிவு எப்படி அறியும்? அது கதையைக் கேட்கவில்லை, சிவப்பு வரியை மட்டும் கேட்டது. கதை அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

பலகைப் பெட்டியை அவளே நிரப்பினாள். நரிக்கு நிபந்தனையும் அவளே எழுதினாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். (கை துறுதுறுத்தது உண்மை.) அதன்பிறகு வந்த சிக்கலுக்கு என்னிடம் வரவே இல்லை. அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். ஐந்து வடையும் தீர்ந்ததும் நரி சும்மா நிற்கிறது, காகம் சும்மா சுற்றுகிறது, சிவப்பு வரியும் இல்லை, ஆட்டமும் இல்லை. பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாளாம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவள் அம்மா, எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், கேட்டிருக்கிறார்: "ஏட்டி, காக்கா இருக்கு, நரி இருக்கு. வடை சுடுற பாட்டி எங்க?"

பாட்டியே இல்லை! ஐந்து வடையை இவள் கையால் மரத்தடியில் வைத்திருந்தாள். இப்போது விளையாட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள். சில விநாடிக்கு ஒரு வடை சுட்டு வைக்கிறாள். சுட்ட வடையின் சீட்டை நரியிடம் தானே கொடுத்தும் விடுகிறாள். போன ஞாயிறு அண்ணாச்சி என்னிடம் காமர்ஸ் பற்றிப் பேசவில்லை. பாட்டி ரொம்ப மெதுவாகச் சுடுகிறாள், கொஞ்சம் வேகப்படுத்த முடியுமா என்று மட்டும் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.